மச்சாளின் கல்யாண டிவிடி

சண்டை ஓய்ந்து வன்னிக்குப் பாதை திறந்த கையோடு வவுனியாவில் வாங்கிய விசிடி டெக் ஒன்று விசுவமடுவில் எங்கள் வீட்டில் இருந்தது. ஜெனரேற்றரைப் போட்டால் பாதி ஒழுங்கை வந்து குந்திவிடும். ரிமோட் மட்டும் என் கையை விட்டுப் போகாது. சோகக் காட்சி வந்து மனைவி மூக்கை உறிஞ்சத் தொடங்கினால் உடனே அந்த இடம் தாண்டும்வரை வேகமாக முன்னுக்கு ஓட்டிவிடுவேன். அழுகையைப் பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது. எங்களோடு இருந்த அவளின் தங்கை, "அத்தான், ஓட்டாதேங்கோ!" என்று கத்துவாள்.

அந்த மச்சாள் பிறகு கனடா போனாள். அவளின் கல்யாணம் எங்களுக்கு டிவிடியாக வந்து சேர்ந்தது. தாயில்லாத பிள்ளையைத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவள் என் மனைவிதான். இந்த வீடியோதான் அவளுக்குக் கல்யாண வீடு. எங்கள் டெக்கோ அதை வாசிக்கவே இல்லை.

"இஞ்சேருங்கோ, டிவிடி டெக் ஒண்டு வாங்குவமே?"

"இது நல்லாத்தானே வேலை செய்யுது? அவங்கள் வருசத்துக்கு ஒண்டு கண்டுபிடிப்பாங்கள். நாங்கள் பின்னாலை ஓடுறதோ?" என்று பாய்ந்தேன்.

விசிடியாக மாற்ற வவுனியாவுக்குக் கொண்டு போனேன். கடைக்காரர், "மூண்டு மணித்தியாலம் ஓடுது அண்ணை. ஒரு சீடியிலை அடக்கித் தரட்டோ?" என்றார்.

"தாலி கட்டுறதும் சாப்பாடும் இருந்தாக் காணும். மைக்கைப் பிடிச்சுக் கதைக்கிறதை எல்லாம் வெட்டுங்கோ."

என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு பஸ் ஏறினேன். மனைவி அதை நாலைந்து தரம் பார்த்தாள், ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

ஒரு மாதம் கழித்து, சந்தியிலிருந்த தொலைபேசிக் கடைக்கு மச்சாள் எடுத்தாள். வீடியோவில் தான் அக்காவுக்குச் சொன்னதைக் கேட்டாளா என்று விசாரித்திருக்கிறாள். "ஓம், கேட்டனான்" என்று மனைவி பொய் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த கிழமையே டிவிடி டெக் வாங்கினேன். வெட்டாத கல்யாணம் ஓடியது. தாலி ஏறிய பிறகு மச்சாள் மைக்கை வாங்கினாள்.

"அக்கா, இண்டைக்கு என்ரை தலை பின்னேக்கை கொஞ்சமும் நோகேல்லை. நீ இழுக்கிற மாதிரி இழுக்க இஞ்சை ஒருத்தரும் இல்லை. அதுதான் அழுகை வருது."

பிறகு கமராவுக்குக் கிட்ட வந்தாள். "அத்தான், அக்கா அழத் தொடங்கினா ஓட்டாதேங்கோ. இந்த ஒருக்காவாவது முழுக்க அழ விடுங்கோ."

ரிமோட்டை மனைவியின் மடியில் வைத்தேன். அழுது முடித்து, கண்ணைத் துடைத்து, அந்த இடத்தையே அவள் திரும்பப் போட்டாள்.