வாரிசு இல்லாத சுப்பன்

கிளியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருங்காட்டுக்கோட்டையில் கம்பெனிப் பெண்கள் தங்கும் ஹாஸ்டல் ஒன்றில் சமையல் வேலை. முதல் ஷிப்டுப் பெண்கள் விடியும் முன்பே தட்டோடு வந்து நிற்பார்கள் என்பதால், அவளுக்கு லீவு கிடைப்பதே அபூர்வம். போன வருஷம் கிடைத்த லீவையெல்லாம் அவள் தன் தாத்தாவைத் தேடுவதிலேயே கழித்தாள். அந்தத் தாத்தாவை அவள் பார்த்ததே இல்லை.

புருஷன் இறந்த பிறகு அவள் வல்லம் வடகாலை ஒட்டிய சிற்றூரில், தன் அப்பா ஏகாம்பரத்தோடு இருந்தாள். அந்த வீட்டுமனை இன்னும் தாத்தா சுப்பன் பேரில்தான் இருந்தது. பட்டா மாற்ற தாலுகா ஆபீசுக்குப் போனபோது வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்கு முதலில் சுப்பனின் இறப்புச் சான்றிதழ் வேண்டும்.

"எப்ப செத்தாரும்மா?" என்று கிளார்க் கேட்டார்.

"தெரியாது சார். ஜெயிலுக்குப் போனவரு, திரும்பி வரவேயில்ல."

அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஐம்பத்திரண்டாம் வருஷம் ஏரி வறண்டு கிடந்தபோது, சுப்பன் பண்ணையார் களத்திலிருந்து ஒரு மூட்டை நெல்லைத் தூக்கிவிட்டான். பதினெட்டு மாதம் தண்டனை. மகன் ஏகாம்பரத்துக்கு அப்போது நான்கு வயது. தண்டனை முடிகிற நாள் வந்தது, போனது, ஆள் வரவில்லை. பெங்களூரில் ஒரு பொம்பளையோடும் கைக்குழந்தையோடும் சுப்பனைப் பார்த்ததாக யாரோ வந்து சொன்னார்கள். ஊர் அதை நம்பியது. ஏகாம்பரமும் நம்பினார். நம்பாதவள் சுப்பனின் பெண்டாட்டி பொன்னி ஒருத்திதான்.

ஏகாம்பரம் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கும்போது, தகப்பன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடச் சொன்னார். துக்கத்தில் சொன்னதல்ல, வெறுப்பில் சொன்னது. "உசுரோட கீற மனுசன சாவடிக்கிறியாடா?" என்று பொன்னி சண்டை பிடித்தாள். கடைசியில் தகப்பன் பெயரே இல்லாமல் பத்திரிகை வந்தது. கல்யாணப் பந்தியில் பொன்னி உட்காரவே இல்லை. எண்பத்தேழில் சாகும் வரைக்கும் தாலியையும் பொட்டையும் அவள் விடவில்லை.

கிளியம்மாள் தேடக் கிளம்பியபோது ஏகாம்பரம் சீறினார். "ஓடிப்போனவனுக்கு இன்னாத்துக்குடி சர்ட்டிபிகேட்டு? போ, பெங்களூருக்குப் போய்த் தேடு."

கோர்ட்டில் அந்த வருஷத்துக் கட்டுகள் இல்லை என்றார்கள். போலீசில் சிரித்தார்கள். இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய ஒரு பழைய ஜெயிலில் மட்டும், எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நான்காவது முறை போனபோது, பதிவறையில் வேலை பார்த்த ஷெர்லின் என்ற பெண் அவளை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். மேசைமேல் பெரிய பதிவேடு ஒன்று விரிந்து கிடந்தது. எல்லாம் இங்கிலீஷ்.

"அக்கா, உங்க தாத்தா வேற எங்கயும் போகல. இங்கயேதான் இறந்திருக்காரு."

ஷெர்லின் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். வயிற்றுப்போக்கு. ஜெயில் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஜூலை மாதம் மரணம். விடுதலைக்குப் பன்னிரண்டு நாள் பாக்கி.

"பொண்டாட்டின்னு யார் பேர்னா எழுதிகீதா?"

"இருக்குக்கா. பொன்னின்னு."

கிளியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஷெர்லின் கோப்பிலிருந்த இன்னொரு தாளைத் திருப்பினாள். உடலை வாங்கிக்கொள்ளச் சொல்லி ஜெயிலிலிருந்து கிராம முன்சீப்புக்குக் கடிதம் போயிருக்கிறது. அன்றைக்கு ஊரில் சர்க்கார் காரியம் எல்லாம் அவர் கையில்தான். அவர் கையெழுத்தோடு பதிலும் வந்திருக்கிறது. 'மேற்படி சுப்பனுக்கு இவ்வூரில் வாரிசோ உறவினரோ எவருமில்லை.'

"அவரு வூடு எங்க தெருவுல இருந்து கூப்புடு தூரம்தாம்மா," என்றாள் கிளியம்மாள். "கூப்புடு தூரம்."

அவர் ஏன் அப்படி எழுதினார் என்பதற்கு அந்தக் கோப்பில் பதில் இல்லை. கேட்கவும் ஆள் இல்லை. உடல் ஜெயில் செலவிலேயே புதைக்கப்பட்டது. புதைத்த இடத்தில் இப்போது குவார்ட்டர்ஸ் கட்டிடங்கள் நின்றன. ஷெர்லின் ஜன்னல் வழியே கை காட்டினாள். மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஏகாம்பரம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"பன்னெண்டு நாளா?"

"ஆமா நைனா."

"ஆளு எப்டி இருப்பாருன்னு எதுனா எழுதிகீதா?"

அவள் குறித்து வந்ததைப் படித்தாள். உயரம் ஐந்தடி மூன்றங்குலம். மாநிறம். வலது புருவத்தில் தழும்பு. முன்பல் ஒன்று இல்லை.

"அஞ்சடி மூணு," என்றார் ஏகாம்பரம். "குள்ளம்தான். நான் பெரிய ஆளுன்னு நினைச்சினு இருந்தேன்." அதற்குப் பிறகு கிண்ணத்தை அவர் தொடவில்லை. "எங்கம்மாவ என்னென்னல்லாம் பேசிட்டேன்," என்றார்.

இறப்புச் சான்றிதழ் கையில் வர நான்கு மாதம் ஆயிற்று. அப்பாவையும் அழைத்துக்கொண்டு கிளியம்மாள் தாலுகா ஆபீசுக்குப் போனாள். ஜெயிலிலிருந்து வாங்கிய நகல்களை ஒன்றுவிடாமல் சேர்த்துக் குத்தியிருந்தாள். நிறைய இருந்தால் நல்லது என்பது அவள் நினைப்பு. கிளார்க் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"ஆதார்ல பொ. ஏகாம்பரம்னு கீது. பொன்னின்னா?"

"எங்கம்மா சார்," என்றார் ஏகாம்பரம். "நானாதான் அந்த இனிஷியல் வச்சிக்கினேன்."

"சுப்பனோட மகன்னு காட்ட ஸ்கூல் சர்ட்டிபிகேட்டு, பழைய ரேஷன் கார்டு எதுனா?"

"பள்ளிக்கூடம் போகல சார். எதுலயும் அவரு பேர நான் போடல."

கிளார்க் கடைசித் தாளை எடுத்தார். முன்சீப் எழுதிய பதில். இரண்டு முறை படித்தார். அவர் குரலில் கடுமை இல்லை. "பெரியவரே, நீங்க குடுத்த பேப்பர்லயே வாரிசு யாரும் இல்லன்னுதானே போட்டிருக்கு. இத வச்சிக்கினு நான் இன்னா பண்ண முடியும்?"

"அப்ப நான் யாரு சார்?"

கிளார்க் தாள்களை அடுக்கித் திரும்பக் குத்தினார். சுப்பனை நேரில் அறிந்த இரண்டு பேர் வந்து வாக்குமூலம் கொடுத்தால் விசாரணைக்கு எழுதலாம் என்றார். எழுபத்தேழு வயது ஏகாம்பரம்தான் அந்தத் தெருவிலேயே மூத்தவர்.

மனு இன்னும் ஆபீசில்தான் இருக்கிறது. கிளியம்மாள் மாதம் ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வருகிறாள். ஏகாம்பரம் சாயங்காலங்களில் மெயின் ரோட்டு டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்கிறார். கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பையன்களிடம், "எங்க நைனா ஓடிப்போகலப்பா, ஜெயில்லயே செத்துப்போயிட்டாரு," என்று சொல்கிறார். சுப்பன் ஓடிப்போனதாக யாரும் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. பெங்களூர்க் கதையைச் சொன்னவர்களும் நம்பினவர்களும் எப்போதோ செத்துவிட்டார்கள். "அப்படியா தாத்தா," என்று மரியாதைக்குக் கேட்டுக்கொண்டு, பஸ் வந்ததும் பையன்கள் ஏறிப் போய்விடுகிறார்கள்.