பெரிய கண் வலை

என் கணவர் பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டியவர். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, நாலு படி ஏறினாலே இரைக்க ஆரம்பித்தது. இனி தூசிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால்தான் குண்டடத்துப் பக்கம் எங்கள் ஊர்க் குளத்தில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலத்தில் எடுத்தோம். நானும் பனியன் கம்பெனியில்தான், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை; அதை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கரையில் உட்கார்ந்து மீன் அறுத்துக் கொடுப்பேன்.

அவர் கொள்கைக்காரர். வலையில் கண் பெரிதாக இருக்க வேண்டும், பெரிய மீனை மட்டும் எடுக்க வேண்டும். தப்பித் தவறிச் சின்னது மாட்டினால் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார். "பச்சப்புள்ளைங்களப் புடிக்கறது பாவமுங்க" என்று வாங்க வருகிறவர்களிடம் சொல்வார். கொசுவலை போட்டு அரிக்கிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. எனக்கும் அதில் பெருமைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆரம்பத்தில் ஒரு ஜிலேபி மீனே தட்டை நிறைத்தது. வருடம் போகப் போகச் சிறுத்தது. மழை ஏமாற்றிய ஒரு கோடையில் குளம் பாதியாக வற்றி, காலையிலேயே தண்ணீர் வெதுவெதுவென்று சுட்டது. பெரிய கண் வலையில் ஒன்றும் விழவில்லை. வேறு வழியில்லாமல் சின்னக் கண் வலையைப் போட்டார். எல்லாம் உள்ளங்கை அளவு மீன்கள். முதல் மீனின் வயிற்றைக் கீறினேன், மஞ்சளாய்ச் சினை. அடுத்ததிலும் சினை.

"ஏனுங்க, இதையெல்லாம் குஞ்சுன்னுதானுங்க விட்டுட்டு இருந்தோம்? இது தாயிங்க."

கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "வெயிலுக்கு அப்படி ஆயிருக்கும் புள்ள. மழ வந்தாச் சரியாப் போயிரும்" என்றார்.

அவர் சொன்னதும் பொய்யில்லை. தண்ணீர் சுட்டால் மீன் சீக்கிரமே பருவத்துக்கு வந்துவிடுகிறது. தின்ற தீனியெல்லாம் சினைக்கே போனால் உடம்பு எங்கே வளரும்? ஆனால் மழை வந்து, குளம் நிரம்பிக் குளிர்ந்த பிறகும் மீன் விரற்கடை அளவுதான் கூடியது. பழைய உருவம் திரும்பவே இல்லை.

செக்கிங் மேஜை முன் நிற்கும்போதுதான் எனக்கு விளங்கியது. நல்ல பீஸை ஏற்றுமதிக்கு அனுப்பிவிட்டு, குறையுள்ள செகண்ட்ஸை ஒதுக்கி வைக்கிறோம். குளத்திலும் அதைத்தான் செய்திருக்கிறோம். பெரிதாக வளர்கிற வம்சத்தையெல்லாம் சந்தைக்கு அனுப்பினோம். குட்டையாக இருக்கும்போதே முட்டையிட்டது மட்டும் வலைக்குத் தப்பியது, அதன் வம்சம்தான் பெருகியது. புண்ணியம் என்று நினைத்துச் செய்தது விதைநெல்லைத் தின்ற கதையாகிவிட்டது. அவரிடம் சொன்னேன். சில நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்தப் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எப்படித்தான் இத்தனை நாள் தப்பியதோ, பழைய உருவத்தில் ஒரு ஜிலேபி வலையில் வந்தது. வயிறு சினையால் புடைத்திருந்தது. தாராபுரத்தில் மெஸ் நடத்துபவர் பையை விரித்துக்கொண்டு நின்றார். என் கணவர் மீனை இரண்டு கையாலும் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு முழங்கால் தண்ணீரில் இறங்கி விட்டுவிட்டார்.

"ஏனுங்க, இத்தன வருசம் பெருசத்தானுங்க புடிச்சீங்க, இன்னைக்கு என்னாச்சுங்க?" என்றார் மெஸ்காரர். எனக்கு அழுகையும் வந்தது, அவரைக் கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது.

கூட்டம் போனதும் வலையைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "இனிமேப் பெருசு எது வந்தாலும் விட்டுரோணும் புள்ள. குளம் தேற அஞ்சாறு வருசம் ஆகும்."

"அது வரைக்கும் என்னங்க பண்றது?"

இருமல் அடங்கியதும் சொன்னார்: "உங்க கம்பெனில நிட்டிங்குக்கு ஆளெடுக்கறாங்களான்னு கேட்டு வையி."

மறுநாளே கேட்டேன். எடுக்கிறார்கள். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.