மஞ்சள் கம்பத்துக்காரர்

ஓரிகன் மாநிலத்தின் கடலோர மலைகளுக்குள், ஆல்டர் மரங்கள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு திருப்பத்தில் மஞ்சள் நிற இரும்புக் கம்பம் ஒன்று இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் சாலை. அந்தப் பக்கம் வனத்துறையின் வண்டித் தடம். இரண்டிலும் ஒரே சரளைக்கல், ஒரே சேறு, ஒரே மழை. பார்க்கிற கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. டெல்மர் ஹக்பிக்குத் தெரியும்.

பதினோரு வருஷமாக, மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை, சனி ஞாயிறு தவறாமல் அந்தக் கம்பத்தடியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் அவர். சம்பளம் கிடையாது. வனத்துறை கொடுத்தது ஓர் ஆரஞ்சு மேல்சட்டையும் ஒரு வயர்லெஸ் கருவியும்தான். முப்பத்து நான்கு வருஷம் மரக்கட்டை லாரி ஓட்டி, முழங்கால் தேய்ந்து ஓய்வு பெற்ற மனிதருக்கு, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டால் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். அவர் மனைவி வெர்னா பக்கத்து நாற்காலியில் குறுக்கெழுத்துப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் அவர் வாய்ப்பாடு முழுதும் மனப்பாடம்.

வாய்ப்பாடு என்பது இதுதான். வண்டிக்கு நம்பர் பிளேட் இருக்கலாம், இன்சூரன்ஸ் இருக்கலாம், நெடுஞ்சாலையில் ராஜநடை போடும் உரிமையெல்லாம் இருக்கலாம். ஆனால் கம்பத்தைத் தாண்டித் தடத்தில் ஏற வேண்டுமென்றால், தடத்துக்கான தனிப் பெர்மிட் வேண்டும். அதன் ஸ்டிக்கர் வண்டியின் பின்கதவில், இடது பக்கம், கீழே ஒட்டியிருக்க வேண்டும்.

"ரோட்டுல ஓடற டிரக்குக்கு எதுக்குங்க பெர்மிட்?" என்று எல்லோரும் கேட்பார்கள்.

"ரோடு ரோட்டு வரியில ஓடுது. இந்தத் தடத்துல விழற மரத்தை யார் அறுக்கறது? அந்த ஸ்டிக்கர்தான் அறுக்குது."

ஸ்டிக்கர் இல்லாதவர்கள் இருபத்திரண்டு மைல் திரும்பிப் போய், லாட்டியின் இரும்புச் சாமான் கடையில் பத்து டாலர் கொடுத்து வாங்கிக்கொண்டு வர வேண்டும். இதில் அவருக்கு ஆள் பேதம் கிடையாது. நாலு வருஷம் முன்பு அவருடைய உயிர் நண்பர் ஹாலிஸ் செத்துப்போனார். அவருடைய சாம்பலை மலை முகட்டில் தூவுவதற்காக, தடம் திறக்கும் நாளன்று பாதிரியார் வண்டியில் வந்தார். பின்கதவு வெறுமையாக இருந்தது. டெல்மர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, சாம்பல் செம்பையும் பாதிரியாரையும் சேர்த்துத் திருப்பி அனுப்பினார். 'ஹாலிஸ் உயிரோட இருந்தவரைக்கும் ஒழுங்கா வாங்கி ஒட்டினவன், அவன் புரிஞ்சுக்குவான்' என்றாராம். பாதிரியார் ஸ்டிக்கரோடு திரும்பி வந்தபோது கம்பத்தில் பதினைந்து வண்டி வரிசை. டெல்மரால் அவர்களோடு மேலே போக முடியவில்லை. அங்கிருந்தே கையை அசைத்தார்.

தடத்துத் தொண்டர்களின் குளிர்காலக் கூட்டங்களில் அவர் எழுந்தால் மற்றவர்கள் காப்பிக் கோப்பைகளை ஆராயத் தொடங்குவார்கள். வனத்துறைக்கு மூன்று கடிதங்கள் எழுதியிருந்தார். முதல் கடிதம்: முதல் தடவைக்கு எச்சரிக்கை என்று விடும் சலுகையை ஒழிக்க வேண்டும். இரண்டாவது: கம்பத்துக்காரரே பிடிபட்டால் அந்த வருஷம் முழுதும் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மூன்றாவது: வண்டி எண்ணோடு பொருந்தாத ஸ்டிக்கரை அந்த இடத்திலேயே சுரண்டி எடுக்க வேண்டும். இந்த ஜனவரியில்தான் மூன்றும் ஏற்கப்பட்டதாகப் பதில் வந்தது. வெர்னா அதைக் குளிர்பெட்டிக் கதவில், காந்தத்தில் மாட்டிவைத்தாள். பெருமையிலா, வேறு எதிலாவதா என்பது அவள் முகத்தில் தெரியவில்லை.

இனி ராய்ஸின் கதை. ராய்ஸ் வெர்னாவின் தம்பி. டெல்மரும் அவனும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி இரண்டு வெள்ளை டிரக் வாங்கியவர்கள். ராய்ஸிடம் டிரக்கின் பின்னால் இழுத்துப் போகிற ஒரு பெரிய வீட்டு வண்டி உண்டு. அதன் மூக்கு டிரக்கின் பின்தொட்டிக்குள் வந்து உட்கார்ந்து மாட்டிக்கொள்ளும். கழற்றிவிட்டு டிரக்கை முன்னே நகர்த்துமுன் பின்கதவை இறக்கிவிட வேண்டும். மறந்தால் வீட்டு வண்டியின் மூக்கு பின்கதவை வாரி மடக்கிவிடும். எங்கள் பக்கத்தில் ஒருவன் பெண்டாட்டியின் பிறந்தநாளை மறக்கலாம்; இதை மறந்தால் கல்லறைக் கல்லில் எழுதிவிடுவார்கள். ராய்ஸ் புனித வெள்ளியன்று, முகாமில், காப்பிக் கோப்பையோடு நின்ற பன்னிரண்டு பேர் முன்னால் மறந்தான். கதவு சுருட்டிய ரொட்டியாகிவிட்டது.

மறுநாள் அவன் ஐடஹோவிலிருக்கும் மாமனார் வீட்டுக்குப் போக வேண்டும். டெல்மருக்கு மனசு இளகியது. தன் டிரக்கின் பின்கதவைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டார். தனக்குப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கதவு வாங்கிக்கொண்டார். வெள்ளை வண்டிக்கு மெரூன் கதவு. ஊரார் சிரித்தார்கள். டெல்மர் நிறத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டார்.

மே மாதம் முதல் சனிக்கிழமை. தடம் திறக்கும் நாள். மெல்லிய தூறல். விடிந்ததும் டெல்மர் கம்பத்தைத் தாண்டி அரை மைல் போய், விழுந்து கிடந்த ஓர் ஆல்டரை அறுத்துத் தள்ளிவிட்டு வந்தார். டிரக்கைக் கம்பத்துக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்து, மான் உப்புக்கண்டத்தை மெல்லத் தொடங்கினார். எட்டு மணிக்குள் வரிசை சேர்ந்துவிட்டது.

முதலில் நின்றது போர்ட்லண்டிலிருந்து வந்த கேலப் என்ற இளைஞன். வண்டி புத்தம் புதிது. சக்கரங்களில் நகரத்தின் சுத்தம். பெர்மிட்டை இணையத்தில் வாங்கிவிட்டதாகவும், ஸ்டிக்கர் தபாலில் வந்துகொண்டிருப்பதாகவும், ரசீது இதோ இருப்பதாகவும் பணிவாகச் சொன்னான்.

"கையில இருக்கற பேப்பர், ஸ்டிக்கர் ஆகாது தம்பி," என்றார் டெல்மர். இந்த வாக்கியத்தை அவர் எத்தனை நூறு முறை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. வெர்னா தலை நிமிராமல் உதட்டளவில் கூடவே சொன்னாள்.

கேலப் சண்டை போடவில்லை. போகத் திரும்பியவன் நின்று, "சார், உங்களுது எங்க ஒட்டியிருக்குன்னு பாத்துக்கட்டுமா? நானும் சரியா அதே இடத்துல ஒட்டிக்கிறேன்," என்றான்.

பதினோரு வருஷத்தில் இப்படி ஒருவன் கேட்டதில்லை. டெல்மர் உருகிப்போனார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவனைத் தோளில் தட்டி அழைத்துப் போனார். "இடது பக்கம். கீழ் மூலையிலேர்ந்து நாலு விரல். குனிஞ்சு பாரு."

கேலப் குனிந்து பார்த்தான். அவன் குனிந்தே இருந்ததால் டெல்மரும் குனிந்தார். மெரூன் வர்ணம். ஒரு பறவையின் எச்சம். வேறொன்றும் இல்லை.

"அந்த வெள்ளையா இருக்கறதா சார்?" என்றான் கேலப்.

பிறத்தியார் வண்டிகளின் முதுகையே பார்த்துப் பழகியவர் தன் வண்டியின் முதுகை இன்றுதான் பார்க்கிறார். மனம் பின்னோக்கி ஓடி, புனித வெள்ளியில் போய் முட்டி நின்றது. வரிசையைப் பார்த்தார். மூன்றாவதாக, அவர் கழற்றிக் கொடுத்த வெள்ளைக் கதவோடும் அதில் அவருடைய ஸ்டிக்கரோடும், ராய்ஸ்.

ராய்ஸ் இறங்கி வந்தான். அவனுக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. விளங்கியதும் அவர் காதருகே வந்தான்.

"கதவைக் கழட்டி மாத்த ரெண்டு நிமிஷம். இந்தப் பையன் கடைக்குப் போயிடுவான். எவனுக்குத் தெரியப்போவுது?"

"உன் வண்டிக்கு?"

"நான் வீட்டுக்குப் போயிடறேன். சட்டை போயிரும் டெல்மர், யோசி."

டெல்மர் யோசித்தார். அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். வாரத்தின் மற்ற ஐந்து நாளும் அவர் முழங்கால் வலிக்கும் ஒரு கிழவன். இதைப் போட்ட இரண்டு நாள்தான் யாராவது அவரிடம் எதையாவது கேட்கிறார்கள். கதவை மாற்ற உண்மையாகவே இரண்டு நிமிஷம் போதும். ஆனால் தொப்பி தலையில் இருப்பது திடீரென்று உறுத்தியது. செம்பை மடியில் வைத்துக்கொண்டு பாதிரியார் வண்டியைத் திருப்பிய விதம் நினைவுக்கு வந்தது.

வயர்லெஸ்ஸை எடுத்தார். புதிதாக வந்திருக்கும் ரேஞ்சர் கரின் டோலஃப்சன் மறுமுனையில் இருந்தாள். ஸ்டிக்கர் இல்லாமல் தடத்தில் ஏறிய ஒரு வண்டி என்று சொல்லி, நம்பரைத் தெளிவாக வாசித்தார்.

"வண்டிக்காரர் என்ன சொல்றார் மிஸ்டர் ஹக்பி?"

"பேப்பர் இருக்குங்கறார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பேப்பர், ஸ்டிக்கர் ஆகாதுன்னேன்."

"ஒத்துக்கிட்டாரா?"

"மெதுவா ஒத்துக்கிட்டு வர்றார்."

"பேர் என்ன?"

தூறல் வயர்லெஸ்ஸின் மேல் விழும் சத்தம் கேட்டது. "ஹக்பி," என்றார். "டெல்மர். நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

கரின் வந்தாள். இரண்டு அபராதச் சீட்டு எழுதினாள்: ஒன்று டெல்மருக்கு, ஒன்று அடுத்தவன் ஸ்டிக்கரோடு ஓட்டிய ராய்ஸுக்கு. பிறகு ஒரு தகட்டுக் கத்தியை எடுத்து, ராய்ஸின் கதவிலிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டினாள். அது சுருள் சுருளாக உரிந்து விழுவதை டெல்மர் பல் பிடுங்கப்படுபவர் போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எச்சரிக்கையோட விட்டிருப்பேன் மிஸ்டர் ஹக்பி," என்றாள் கரின். "ஆனா அதைத்தான் நீங்க எடுக்கச் சொல்லிட்டீங்க."

"நல்ல கடிதம் அது," என்றார் டெல்மர், சட்டையைக் கழற்றியபடி.

வரிசை இப்போது இருபதைத் தாண்டியிருந்தது. யாரை நிறுத்துவது என்று கரின் சுற்றுமுற்றும் பார்த்தாள். வெர்னா குறுக்கெழுத்துப் புத்தகத்தில் பென்சிலை வைத்து மூடிவிட்டு, கையை நீட்டினாள். சட்டை அவளுக்கு முழங்கால் வரை வந்தது. "அடுத்த வண்டி," என்றாள்.

அபராதக்காரர் இருவரும் கேலப்பும் மூன்று வண்டிகளில், விளக்கு எரியவிட்டு, சவ ஊர்வலம் போல ஒன்றன்பின் ஒன்றாக மலையிறங்கினார்கள். கடைவாசலில் நின்ற லாட்டி அவர்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, சாம்பல் செம்பு வந்த நாளை நினைத்துக்கொண்டு, "இந்தத் தடவை யாரு?" என்றாள்.

"நான்தான்," என்றார் டெல்மர்.

திரும்பி வந்தபோது தூறல் மழையாகியிருந்தது. வெர்னா கையை உயர்த்தி அவர் வண்டியை நிறுத்தினாள். பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சன்னலருகே நின்றாள்.

"ஸ்டிக்கர் எங்க?"

டெல்மர் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்த உறையைக் காட்டினார். "மழையில ஒட்டாது வெர்னா. காஞ்சதும்..."

"உறையில இருக்கறது ஒட்டினது ஆகாது டெல்."

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். டெல்மர் இறங்கினார். ராய்ஸ் தன் மழைக்கோட்டைக் கழற்றிக் கூரையாகப் பிடித்தான். கேலப் தன் புது வண்டியிலிருந்து மடிப்புக் கலையாத துண்டு ஒன்றைக் கொண்டுவந்தான். மெரூன் கதவைத் துடைத்து, நாலு விரல் அளந்து, டெல்மர் ஒட்டினார். வெர்னா குனிந்து பார்த்து, தூக்கிக்கொண்டிருந்த ஒரு மூலையைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"போகலாம்."

டெல்மர் வண்டியில் ஏறினார். ஆனால் நகரவில்லை. கழுத்தை நீட்டி, குரலைத் தாழ்த்தி, மற்ற இருவருக்கும் கேட்காதபடி கேட்டார்.

"வெர்னா, ஹாலிஸைத் தூவின முகட்டுக்கு எந்தப் பக்கம் திரும்பணும்?"

பதினோரு வருஷத்தில் அவர் தடத்தில் அரை மைலுக்கு மேல் போனதேயில்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். சிரிக்காமல் வழி சொன்னாள். இரண்டாவது ஓடையைத் தாண்டி இடது பக்கம். பிறகு தன் சாப்பாட்டுப் பையிலிருந்து பெர்ரிப் பணியாரத்தில் பாதியை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு, அடுத்த வண்டியின் முதுகைப் பார்க்கப் போனாள்.