நாலு கால்மேல் ஒரு பிள்ளை

பச்சைப் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது என் தொழில். எட்டாவதோடு நின்றவள், இதைத் தப்பாகச் சொல்லி ஒரு நல்ல பெண்ணின் பேரைக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. பிறத்தியார் பிள்ளையைக் கையில் வாங்கியதுமே எங்கே நழுவிவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு என் நிலைமை புரியும்.

முதல் நாள்

நான் சொல்ல வந்த அந்தப் பெண் செல்வி. அவள் புருஷன் விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தான். அவள் தாயில்லாத பெண், அதனால் தலைப்பிரசவம் மாமியார் வீட்டில். நான் போனது பன்னிரண்டாம் நாள். பிள்ளை வீறிட்டு அழ, செல்விக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. அவளோ சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பிராணி காட்டி, துணியில் சுற்றி, மடியில் வைத்தேன். மரியாதையாகக் கேட்டாள்: "இது யாரு வூட்டுப் புள்ளைங்க அக்கா?"

என் வாய்

மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். எத்தனை வீடு பார்த்தவள் என்ற பெருமையில், காத்து கருப்பு பட்டிருக்கிறது, பிள்ளையைத் தள்ளி வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். அப்படியே செய்தார்கள். பிள்ளை அடுத்த அறையில், புட்டிப்பாலோடு.

நாலாம் நாள் செல்வி அந்த அறைக் கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். கண்கள் சிவந்து கிடந்தன. உள்ளே போய்ப் பாரேன் என்றேன். பின்னால் நகர்ந்து கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "நீங்க சொன்னது சரிதான் அக்கா. நான் தொட்டா அது செத்துடும்னு யாரோ காதுல சொல்லிக்கிட்டே இருக்காங்க."

கடலூர் பஸ்

எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைக்கு ஒன்று ஆனால்? அவள் தன்னையே ஏதாவது செய்துகொண்டால்? எஸ்.டி.டி. பூத்திலிருந்து எங்கள் ஊர் சுகாதார நிலையத்து நர்ஸம்மாவுக்குப் போன் போட்டு, நான் உளறியதையும் சேர்த்துச் சொன்னேன். உடனே கடலூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். செல்வியின் புருஷன் ஷிப்டை விட்டுவிட்டு வந்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் பஸ் ஏறினேன்.

டாக்டரம்மா முதலில் கேட்டது, எத்தனை நாளாகத் தூக்கமில்லை என்று. பிரசவத்துக்குப் பின் சிலருக்கு வரும் மனநோய்தான், மருந்தில் சரியாகும் என்றார். அவளைத் தனியே விடக்கூடாது. ஆனால் பிள்ளையை அவளிடமிருந்து பிரிக்கவும் வேண்டாம், பக்கத்தில் ஆள் இருந்தால் போதும். வார்டில் சில நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வீடு வந்ததும் மாமியார் என்னிடம் சொன்னார்: "பேயின்னா நாலு பேரு பரிதாபப்படுவாங்க. பைத்தியம்னா ஒரு விசேஷத்துக்குக் கூப்புடுவாங்களா?"

பலகையில் இருவர்

மறுபடி குளிப்பாட்டப் போனபோது செல்வியையும் பலகையில் என் பக்கத்தில் உட்காரவைத்துக் கால் நீட்டச் சொன்னேன். என் கால் இரண்டு, அவள் கால் இரண்டு, குறுக்கே பிள்ளை. என் இடது கையைப் பிள்ளைமேலிருந்து எடுக்கவேயில்லை, பயம் எனக்கும்தான். மாத்திரையைத் தவறாமல் விழுங்கினாள், ஆனால் பல நாள் அவள் கால்கள் மரக்கட்டையாகத்தான் இருந்தன.

இரண்டாம் மாதம் ஒரு காலை, தலைக்கு ஊற்றும்போது பிள்ளையின் நெற்றியில் ஒரு கை குறுக்கே வந்து தண்ணீரைத் தடுத்தது. நிமிர்ந்து பார்த்தேன். செல்வி முறைத்தாள். "கண்ணுல போவுதுல்ல? பாத்து ஊத்துங்களேன், அப்படி என்ன அவசரம்?"

அன்றிலிருந்து எந்த வீட்டிலும் பிள்ளையைத் தொடும் முன் தாயிடம் தூங்கினாயா என்று கேட்டுவிடுகிறேன். பதில் சரியில்லாவிட்டால் வெந்நீரை ஆறவிட்டு நர்ஸம்மாவைக் கூப்பிடுகிறேனே தவிர, வைத்தியம் சொல்ல மட்டும் என் வாயைத் திறப்பதில்லை.