துவக்கைப் பற்றி டொக்டர் சொல்லாதது

உன்னிச்சையில் எங்கள் நெல் வட்டைக்குள் இறங்கும் பன்றிகளைச் சுட்டு விரட்ட என் கணவர் அனுமதி பெற்ற துவக்கு வைத்திருந்தார். சில வாரங்களாக அவருக்குத் தூக்கமில்லை. ஒருநாள் துவக்கைத் துடைத்தபடியே, "நான் இல்லாட்டியும் வட்டை விளையும்தானே" என்றார். பயந்து, அவருக்குத் தெரியாமல் செவ்வாயன்று டொக்டரிடம் போனேன்.

"இவர் உங்களிட்ட வந்தவரா?"

"அத நான் சொல்ல ஏலா அம்மா. நீங்க சொல்றதக் கேக்கலாம்."

சொன்னேன். டொக்டர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அந்த வாரமே பொலிஸார் துவக்கை எடுத்துப்போனார்கள். நான் வாய் திறக்குமுன் கணவர் முந்திக்கொண்டார்.

"கோவிக்காத புள்ள. பொலிசுக்கு அறிவிக்கச் சொல்லி நான்தான் டொக்டரிட்டக் கேட்ட. உன்னட்டச் சொல்ல வெக்கமாக் கிடந்திச்சி."

"எப்ப போனீங்க?"

"திங்கக்கிழம."

டொக்டர் அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன். ஆனால் இதைக் கணவர் வாயால் கேட்டிருக்கமாட்டேன்.