சித்தி சிரித்த வைகாசி

ஸ்ரீரங்கம் வெள்ளைக் கோபுரத்துக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஈர வாசனையில் சித்தியின் நினைவு வந்தது.

சித்தப்பா குடித்துவிட்டு அவளை அடிப்பார். வைகாசி பிறந்தால் சித்தி எனக்கு ஒரு கதை சொல்வாள். இதே மாதத்தில்தான், படையெடுத்து வந்த தளபதியைக் கோயிலில் ஆடும் பெண்ணொருத்தி சிரித்துப் பேசியே அந்தக் கோபுர உச்சிக்கு அழைத்துப்போய்க் கீழே தள்ளினாளாம்.

ஒரு வைகாசி மதியம் சித்தி சிரித்தபடி, "மாடியில தண்ணித் தொட்டி ஒழுகுது, கொஞ்சம் பாருங்க" என்றாள். சித்தப்பா வெறுங்காலோடு ஏறியதும் ஏணியை எடுத்துவிட்டாள். கொதிக்கும் தரையில் அவர் கால் மாற்றி நின்று கெஞ்சினார். சாயங்காலம்தான் ஏணியை வைத்தாள்.

"இனிமே கை நீண்டா, நீங்க பாதி ஏணியில இருக்கும்போதே எடுப்பேன்."

அதன்பின் அவர் அடிக்கவில்லை. சித்தி சிரித்தாலே அவர் முகம் வெளிறிவிடும். அதை நினைத்தால் எனக்கு இன்றும் இனிக்கிறது.