ரோமாபுரிக் காசில் ஒருத்தி

அப்பாவின் சட்டையில் பன்றி எருவின் நெடி ஏறியிருந்தால் வயலுக்குப் போய்வந்திருக்கிறார் என்று பொருள். டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத் துணி ஆலையில் வேலை முடிந்த கையோடு, யாரோ பாவித்துவிட்ட உலோகம் தேடும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, தெரிந்த கமக்காரர் ஒருவரின் உழுத வயலைச் சுற்றிவருவதுதான் அவருக்கிருந்த ஒரே "விசர்". அம்மா அதை, "கோழி கிளறப் போயிட்டுது" என்பார். கிளறி வருவதெல்லாம் போத்தல் மூடியும் துருப்பிடித்த ஆணியும்தான்.

ஓர் இலையுதிர் காலத்தில் வெள்ளிக்காசு ஒன்று வந்தது. குசினிக் குழாயின் கீழ்ப் பிடித்தபோது ஒரு பக்கத்தில் இலைமுடி சூடிய ரோமாபுரிப் பேரரசர் ஒருவரின் தலை தெரிந்தது. மறுபக்கத்தில், தோற்றவர்களின் கவசங்களைத் தொங்கவிட்ட கம்பத்தின் கீழே, கன்னத்தில் கைவைத்துக் குந்தியிருந்தாள் ஒரு பெண். அம்மா பதறிவிட்டார்.

"கப்பல் கவிண்டாலும் கன்னத்தில கை வைக்கக்கூடாது எண்டு பிள்ளையளுக்குச் சொல்லுறன். நீங்கள் இப்பிடி ஒருத்தியை வீட்டுக்குள்ள கொண்டு வாறியளோ?"

இந்த நாட்டில் மண்ணுக்குள் கிடைக்கும் பழங்காசு அரசுக்குரியது, எப்படியும் கொடுத்தே ஆகவேண்டும். அருங்காட்சியகத்துக்கு எல்லாருக்கும் முன்னால் வெளிக்கிட்டு நின்றவர் அம்மாதான்.

அங்கிருந்த பெண்மணி விளக்க விளக்க நான் தமிழில் சொன்னேன்: அரசர் பிடித்த நாட்டைத்தான் அழும் பெண்ணாகப் பொறித்திருக்கிறார்கள், காசு போகும் இடமெல்லாம் அவருடைய வெற்றியும் போய்ச்சேரட்டும் என்று. அம்மா காசின் அருகே போனார். யாழ்ப்பாணத்தில் நாங்கள் விட்டுவந்த வீட்டில் அப்போது ஆமிக்காரர் இருந்தார்கள்.

"எந்தப் பக்கத்தை மேல வைப்பினம் எண்டு கேள்."

தலைப் பக்கம்தான் வழக்கம் என்றார் அந்தப் பெண்மணி. அம்மா கையை நீட்டி, துணியில் கிடந்த காசைத் தாமே புரட்டிவைத்தார்.

"இவ்வளவு காலமும் மண்ணுக்குள்ள கிடந்தவள். இனியாவது நாலு பேர் அவளைப் பாக்கட்டும் எண்டு சொல்லு."

வெட்கம் பிடுங்கித் தின்ன, பள்ளிக்கூட டேனிஷில் சொன்னேன். பெண்மணி காசை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அந்த வயலில் இப்போது வீடுகள். ஆலையை மூடிவிட்டார்கள், அம்மாவும் போய்விட்டார். போன மாதம் மகளை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் காசு அம்மா புரட்டிய பக்கமாகவே இருக்கிறது; ஏன் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. "அரசர் எங்கே?" என்று மகள் டேனிஷில் கேட்டாள். எனக்குக் கண்ணும் கலங்கியது, சிரிப்பும் வந்தது. அரசர் இத்தனை வருடமாகக் குப்புறக் கிடக்கிறார். மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்ள அவருக்கு மீசையும் இல்லை.